கையெழுத்துப் போடும் முன்: மாவு யாருடையது, பெயர் யாருடையது?



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக் கொண்டிருந்தபோது, செலியமேடு குழு ஒன்றின் பிரதிநிதி பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து எங்கள் முன் வைத்தார். ஒன்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடுக்கணுமாம் மேடம். ஷெட்டு வருது, மிஷினு வருது. நல்லதுதானே?" என்றார்.

நல்லதுதான். இந்தக் குழு பல வருடமாக முருங்கைக்கீரை சத்துமாவு செய்து பாகூர் சந்தையிலும், புதுச்சேரியில் கண்காட்சி நடக்கும்போதும் விற்று வருகிறது. இப்போது ஒரு அரசுத் துறை ஷெட்டும் அரைவை இயந்திரமும் கொடுக்கிறது. ஒரு தனியார் கம்பெனி பாக்கெட் போட்டு விற்றுத் தருகிறது. மாவு ஆறு மாதம் கெடாமல் இருக்க வழி கண்டுபிடித்துத் தருவதாகவும் சொல்கிறது. குழு மாவும் உழைப்பும் தருகிறது. இப்படி அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு காரியத்தை ஒப்பந்தம் போட்டுச் செய்வதைத்தான் பொது-தனியார் கூட்டு என்கிறார்கள். பெரிய ரோடு, துறைமுகம் எல்லாம் இந்த முறையில் வருகின்றன. இப்போது நம் சத்துமாவுக்கும் வந்திருக்கிறது.

தாளை நாங்கள் அன்றே வாங்கிப் படித்தோம். ஷெட், வாடகை, கரண்ட் பில் பற்றி ஆறு பக்கம். ஏழாவது பக்கத்தில் நான்கே வரி. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இத்திட்டத்தில் பயன்படுத்தப்படுகிற, மற்றும் இத்திட்டத்தால் உருவாகிற அனைத்து அறிவுசார் சொத்துக்களும் கம்பெனியைச் சேரும்.

அந்த நான்கு வரிதான் இந்த மாதப் பாடம்.

அறிவுசார் சொத்து என்றதும் படித்தவர்கள் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இந்தக் குழுவின் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மேலே ஒரு பெயர் இருக்கிறது. அது வணிகச் சின்னம். பெயருக்குக் கீழே முருங்கைக் கொத்தோடு ஒரு பெண் நிற்கிற படம். குழு உறுப்பினர் ஒருவரின் மகள் பிளஸ் டூ படிக்கும்போது வரைந்தது. அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. உள்ளே இருக்கிற மாவுக்கு ஒரு பக்குவம் இருக்கிறது. கீரையை நிழலில் எத்தனை நாள் காய வைப்பது, எதை வறுத்துச் சேர்ப்பது, எதைப் பச்சையாகச் சேர்ப்பது, எந்த அளவில் என்பது அந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான் தெரியும். அது வியாபார ரகசியம். நாளைக்குக் கம்பெனியின் ஆய்வகம் மாவு கெடாமலிருக்கப் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், கேட்கலாம். இருபது ரூபாய் பாக்கெட்டுக்குள் நான்கு விதமான சொத்து. இது எதுவும் ஷெட்டு மாதிரி கண்ணுக்குத் தெரியாது. பட்டாவும் கிடையாது. ஆனால் எழுதிக் கொடுத்தால் கை மாறிவிடும்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார், "எங்க மாமியார் காலத்துலேர்ந்து அரைக்கிற மாவு. அது எப்படி அவங்களோடதாவும்?" சரியான கேள்வி. அதே அக்கா வீட்டில் பசு வாரத்துக்கு விட்டிருக்கிறார்கள். அதை வைத்தே பதில் சொன்னோம். மாடு உங்களுடையது. வளர்ப்பவர் வேறு ஒருவர். கன்று போட்டால் யாருக்கு, பால் யாருக்கு என்று விடும்போதே பேசிக் கொள்கிறோம். கன்றைப் பற்றித்தான் பேச்சு. மாடு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். கூட்டு வேலைக்கு முன்பே நம்மிடம் இருந்த பக்குவம், பெயர், படம் ஆகியவை மாடு. கூட்டு வேலையில் புதிதாகப் பிறப்பது கன்று. அந்த ஏழாவது பக்கத்தில் "உருவாகிற" என்று மட்டும் இருந்திருந்தால் அது கன்றைப் பற்றிய பேச்சு. "பயன்படுத்தப்படுகிற" என்ற ஒரு சொல்லையும் சேர்த்ததால் மாடும் போகிறது.

கம்பெனி வேண்டுமென்றே செய்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வக்கீல் அலுவலகங்களில் ஒரே மாதிரித் தாளை எடுத்து ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுப்பது வழக்கம். ஆனால் எந்த எண்ணத்தில் எழுதினாலும் கையெழுத்துப் போட்ட பிறகு எழுத்துதான் பேசும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே கொம்யூனில் வேறொரு குழுவுக்கு இதே போல ஒரு தாள் வந்தது. நாங்களே, "சும்மா ஒரு சம்பிரதாயம், போடுங்க" என்றோம். இரண்டு வருடம் வியாபாரம் நன்றாக நடந்தது. பிறகு வாங்கியவர் ஆர்டரை நிறுத்திவிட்டார். குழு தன் பழைய பெயரிலேயே ஊறுகாயைக் கடைக்குக் கொண்டுபோனபோது, அந்தப் பெயர் இப்போது அவருடையது என்று தெரிய வந்தது. அந்தப் பெண்கள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் இந்த நான்கு வரிகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

இனி, நம்மைவிட முன்னால் இந்த வழியில் போனவர்களின் கதையைப் பார்ப்போம். இது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அகத்தியர் மலையில் நடந்தது. அங்கே காணி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் இருக்கிறார்கள், கேரளப் பக்கத்திலும் இருக்கிறார்கள். 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு கேரளப் பக்கக் காட்டுக்குள் போனது. வழி காட்டப் போன காணி இளைஞர்கள் ஏதோ சிறு காயைத் தின்றபடி களைப்பே இல்லாமல் மலை ஏறினார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. என்ன காய் என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. வற்புறுத்திக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் கேரள அரசின் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே அந்தச் செடியை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றோடு சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசி என்ற தனியார் நிறுவனத்துக்கு அதைத் தயாரிக்க ஏழு வருட உரிமம் கொடுத்தார்கள். உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதோடு தொழிற்சாலையை விட்டு வெளியே போகும் விலையில் 2 சதவீதம் ராயல்டி. அரசு நிறுவனம் தனக்கு வந்ததில் பாதியைக் காணி மக்களுக்குத் தருவது என்று முடிவு செய்தது.

அந்தக் காலத்தில் இப்படித் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002இல்தான் வந்தது. அதனால் உலகம் முழுக்க இதைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நம் பாடத்துக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. உரிம ஒப்பந்தம் அரசு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் இடையில் போடப்பட்டது. காணி மக்கள் அதில் ஒரு தரப்பு அல்ல. பணத்தை வாங்கிக் கொள்ள அவர்களுக்கு ஒரு அமைப்பே அப்போது இல்லை. 1997 நவம்பரில்தான் ஒரு அறக்கட்டளை பதிவானது. சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்குக்கு வந்தபோது 1999 ஆகிவிட்டது. எங்களைக் கேட்கவே இல்லையே என்று சில காணிக் குடியிருப்புகள் வருத்தப்பட்டன. இலை பறித்து விற்கலாம் என்ற நம்பிக்கையும் சுலபத்தில் நிறைவேறவில்லை. செடி அழிந்துவிடும் என்று வனத்துறை தடுத்தது. அதைவிட, வெளிநாடுகளில் மருந்துக்கோ பெயருக்கோ பாதுகாப்பு வாங்கி வைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கம்பெனி 'ஜீவனி' என்ற பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிந்து கொண்டது.

நல்ல மனதோடு செய்த காரியத்திலேயே இத்தனை ஓட்டை. அறிவைக் கொடுத்தவர்கள் தாளில் ஒரு தரப்பாக இல்லாததும், பெயரை யார் காப்பது என்று எழுதாததும் பெரிய ஓட்டைகள். நம் செலியமேடு குழு ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலி. பதிவு செய்த கூட்டமைப்பு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, தாளில் குழுவின் பெயரே நேராக இருக்கிறது.

அடுத்து நாம் எல்லோரும் கையில் ஊசி போட்டுக் கொண்ட கதை. கோவாக்சின் கொரோனா தடுப்பூசி நினைவிருக்கும். கிருமியைப் பிரித்து எடுத்துக் கொடுத்தது புனேயில் உள்ள அரசு வைராலஜி நிறுவனம். அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், அதாவது ஐ.சி.எம்.ஆரின் கீழ் வருகிறது. ஊசியைத் தயாரித்தது ஐதராபாத்தின் பாரத் பயோடெக். 2020இல் இருவரும் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். மூன்றாம் கட்டச் சோதனைக்கு ஐ.சி.எம்.ஆர். சுமார் 35 கோடி ரூபாய் செலவிட்டது. அறிவுசார் சொத்து இருவருக்கும் கூட்டாகச் சொந்தம், நிகர விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி ஐ.சி.எம்.ஆருக்கு, அதன் பெயரும் பெட்டியில் அச்சாக வேண்டும் என்பது ஏற்பாடு என்று 2021 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2022 ஜனவரி முடிய 171.74 கோடி ரூபாய் ராயல்டி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. காப்புரிமை கேட்டு கம்பெனி போட்ட விண்ணப்பத்தில் ஐ.சி.எம்.ஆரின் பெயர் இல்லை. 2024 ஜூனில் இது வெளியே தெரிந்து பேச்சானபோது, தெரியாமல் விட்டுப் போயிற்று, சேர்க்கிறோம் என்று கம்பெனி அறிவித்தது. டெல்லியில் இத்தனை அதிகாரிகளும் வக்கீல்களும் உள்ள அமைப்புக்கே பெயர் விட்டுப் போகிறது. ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது, பதிவு அலுவலகத்துக்குப் போகிற விண்ணப்பத்தின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும் என்று இதிலிருந்து நாங்கள் எடுத்துக் கொண்டோம்.

இன்னொன்று சட்டப் புத்தகத்தில் ஒளிந்திருக்கிறது. "கூட்டு உரிமை" என்று சொன்னால் வருகிற வருமானமும் பாதிப் பாதி என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக் கொள்ளாவிட்டால், கூட்டு உரிமையாளர்களில் யார் வேண்டுமானாலும் அந்தக் கண்டுபிடிப்பைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தலாம். மற்றவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது ஆளுக்கு உரிமம் கொடுக்கத்தான் மற்றவர் சம்மதம் வேண்டும். ஆக, தொழிற்சாலை வைத்திருப்பவர் சம்பாதிப்பார், வைத்திராதவர் காகிதத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார். ஐ.சி.எம்.ஆருக்குப் பணம் வந்தது கூட்டு உரிமையால் அல்ல, 5 சதவீதம் என்று தனியாகப் பேசியிருந்ததால்.

இப்போது செலியமேட்டுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை கையெழுத்து வேண்டாம் என்று குழு தீர்மானப் புத்தகத்தில் எழுதியது. எல்லோருக்கும் பயம் இருந்தது. "இப்படிக் கேட்டா ஷெட்டு போயிடுமோ?" என்று பொருளாளர் இரண்டு முறை கேட்டார். போகலாம், போகாமலும் இருக்கலாம், எங்களால் உறுதி சொல்ல முடியாது என்றுதான் சொன்னோம். பிறகு உட்கார்ந்து என்ன கேட்பது என்று பேசினோம்.

பெயரைப் பற்றிப் பேசியபோதுதான் குத்தகைக்கும் கிரயத்துக்கும் உள்ள வித்தியாசம் உதவியது. பாகூர் பக்கம் நிலம் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று போகத்துக்குக் குத்தகை விட்டால் காலம் முடிந்ததும் நிலம் திரும்பி வரும். கிரயம் எழுதினால் வராது. ஒப்பந்தத் தாளில் "உரிமம்" என்று இருந்தால் குத்தகை. "உரிமை மாற்றம்" என்றோ "கம்பெனியைச் சேரும்" என்றோ இருந்தால் கிரயம். பெயரை மூன்று வருடக் குத்தகைக்கு மட்டும் தருவது என்று குழு முடிவு செய்தது. அதற்கு முன் பெயர் குழுவின் பேரில் பதிவாக வேண்டும். சிறு நிறுவனச் சான்று இருந்தால் இணையம் வழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய், இல்லாவிட்டால் 9,000. பதிவானால் பத்து வருடம் செல்லும், புதுப்பித்துக் கொண்டே போகலாம். சுழல் நிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்க இரண்டு பேர் சம்மதிக்கவில்லை. "காயிதத்துக்கு இவ்ளோ காசா?" என்றார்கள். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் சம்மதித்தார்கள்.

படத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. வரைந்த பெண் இப்போது காலேஜில் படிக்கிறாள். படம் அவளுடையது. குழுவுக்கே அவள் எழுதிக் கொடுக்கவில்லை என்பது அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது. பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக் கொள்ளும். அவளிடம் கேட்டபோது, "எம்பேரை ஓரத்துல சின்னதா போடுங்க, போதும்" என்றாள். கொஞ்சம் பணமும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. குழு யோசிக்கிறது.

மாவின் பக்குவத்துக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ரகசியம் காக்கிறேன் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான் வேலி. உணவுப் பாதுகாப்பு விதிப்படி என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக லேபிளில் போட்டே ஆக வேண்டும். அதை மறைக்க முடியாது. ஆனால் வறுக்கும் பதம், காய வைக்கும் முறை, சரியான அளவு ஆகியவற்றை லேபிளில் போட வேண்டியதில்லை. ஆய்வகத்துக்கு மாவைக் கொடுக்கும் முன் ரகசிய ஒப்பந்தம் கையில் வர வேண்டும். கொடுத்துவிட்டுக் கேட்டால் பயனில்லை.

"நம்ம வில்லியனூர் பொம்மைக்கெல்லாம் சர்க்கார் முத்திரை இருக்குதே, அது மாதிரி வாங்கிட்டா?" என்று ஒருவர் கேட்டார். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்கும் இருப்பது புவிசார் குறியீடு. அது தனி ஆளுக்கோ ஒரு குழுவுக்கோ கிடைக்கிற பெயர் அல்ல. அந்த ஊரில் அந்தத் தொழில் செய்கிற எல்லோருக்குமானது. அதனாலேயே அதில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. அதை யாருக்கும் விற்கவோ, உரிமம் விடவோ, அடமானம் வைக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. எந்தக் கம்பெனியும் ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்க முடியாது. ஆனால் அந்தப் பெயரைப் பயன்படுத்தச் சட்டப்படி உரிமை வேண்டுமானால் கைவினைஞர் ஒவ்வொருவரும் தன் பெயரைப் பதிய வேண்டும். வில்லியனூர் பக்க உறுப்பினர்கள் வீட்டில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நம் சத்துமாவுக்கு இது பொருந்தாது. முருங்கை எல்லா ஊரிலும் இருக்கிறது.

குழு எழுதிய கடிதத்தைத் தமிழிலேயே அனுப்பினோம். ஏழாவது பக்கத்தில் "பயன்படுத்தப்படுகிற" என்ற சொல்லை எடுக்க வேண்டும். பெயர் மூன்று வருட உரிமம் மட்டும். ஆய்வகம் கண்டுபிடிப்பது கூட்டு உரிமை, அதோடு விற்பனையில் 2 சதவீதம் குழுவுக்கு. திட்டம் பாதியில் நின்றால் பெயரும் படமும் திரும்ப வர வேண்டும். பிரச்சினை வந்தால் பேசும் இடம் புதுச்சேரி. அவர்கள் தாளில் வேறு மாநிலத் தலைநகர் ஒன்று இருந்தது, செலியமேட்டிலிருந்து அங்கே போய் வழக்காட யாரால் முடியும்? தமிழ் நகலிலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் எங்களுக்குத் தூக்கம் சரியாக இல்லை என்பதை ஒத்துக் கொள்கிறோம். பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் துறை அதிகாரியோடு நேரில் வந்தார். அந்தச் சொல்லை எடுக்க உடனே ஒப்புக் கொண்டார். பெயர் உரிமத்துக்கும், புதுச்சேரிக்கும், தமிழ் நகலுக்கும் சரி என்றார். கூட்டு உரிமைக்குத் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். 2 சதவீதத்துக்கு முடியாது என்றார். ஆய்வகச் செலவு முழுதும் தங்களுடையது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "அப்ப கிலோவுக்கு வாங்குற வெலைய ஏத்திக் குடுங்க" என்று தலைவி கேட்டார். அவர் சிரித்தார், எழுதிக் கொண்டு போனார்.

இதை எழுதும் இன்று வரை அந்த இரண்டு விஷயத்துக்கும் பதில் வரவில்லை. ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. தாள் இன்னும் கையெழுத்தாகவில்லை. பெயர்ப் பதிவு விண்ணப்பம் போட்டாயிற்று, ரசீது தீர்மானப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது.

உங்கள் குழுவில் இது போல ஒப்பந்தத் தாள் ஏதாவது இருந்தால், பழையதானாலும் சரி, கையெழுத்துப் போட்டதானாலும் சரி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.